பச்சை விளக்கு எரிகிறது, நெட் வரவில்லை: இரண்டு லைன் இருந்தும் ரவுட்டர் மாறவே இல்லை

நூல்கணக்கு | 21ஆம் தேதி, காலை 7.50

வணக்கம். திருப்பூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஒன்பது கம்ப்யூட்டர், நெட் வழியே பேசும் ஒரு ஐபி போன், கேமரா பதிவுக்கு ஒரு டிவிஆர். நான் படித்தது பி.காம். ஆனாலும் நெட் போனால் எல்லோரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

நேற்று 20ஆம் தேதி. ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத ஜிஎஸ்டி ரிட்டர்னைத் தாக்கல் செய்யக் கடைசி நாளில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஒரு நாளுக்காகவே போன வருடம் இரண்டாவதாக ஒரு ஃபைபர் லைன் எடுத்தோம். மைக்ரோடிக் ஹெக்ஸ் ரவுட்டர் வாங்கி, ஒரு லைன் போனால் இன்னொன்றுக்குத் தானாக மாறும்படி அமைத்தேன். அமைத்த அன்று சாரைக் கூப்பிட்டு, அவர் கண் முன்னால் முதல் லைனின் ஒயரைப் பிடுங்கினேன். உடனே மாறிவிட்டது. சாருக்குத் திருப்தி.

நேற்று மதியம் மூன்று மணிக்கு முதல் லைன் போனது. ரவுட்டரில் எல்லா விளக்கும் பச்சை. ரூட் பட்டியலில் பார்த்தால் முதல் லைன் நன்றாக இருக்கிறது என்கிறது. இரண்டாவது லைன் வேலை இல்லாமல் சும்மா கிடக்கிறது. நாற்பது நிமிடம் ரீஸ்டார்ட், கஸ்டமர் கேர் என்று ஓடிவிட்டு, கடைசியில் முதல் லைனின் ஒயரைக் கையால் பிடுங்கினேன். அப்போதுதான் மாறியது. “ஒயர் பிடுங்க நீதான் வேணும்னா அந்தப் பெட்டி எதுக்குப்பா?” என்று சார் கேட்டார்.

அமைப்பு இதுதான். முதல் லைனின் ஓஎன்டி (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) 192.168.1.1, இரண்டாவது 192.168.5.1. இரண்டுக்கும் டீஃபால்ட் ரூட், அதாவது வெளியே போகும் பொது வழி, கையால் போட்டிருக்கிறேன். டிஸ்டன்ஸ் முதலாவதுக்கு 1, இரண்டாவதுக்கு 2 (எண் குறைந்த வழிக்கு முன்னுரிமை). இரண்டிலும் செக்-கேட்வே பிங் என்று கொடுத்திருக்கிறேன். எதை விட்டேன்?

மின்வெட்டு | 21ஆம் தேதி, காலை 8.15

எதையும் விடவில்லை. மாத ஊதியத்தில் “ஒயர் பிடுங்கும் படி” என்று ஒரு தொகை சேர்த்துக் கேளுங்கள்.

ஈதர்2 | 21ஆம் தேதி, காலை 9.05

ரவுட்டர் மேல் தப்பில்லை. செக்-கேட்வே என்பது பெயருக்கு ஏற்றபடி கேட்வேயை, அதாவது ரவுட்டருக்கு அடுத்த பெட்டியை, மட்டும்தான் சோதிக்கும். உங்கள் கேட்வே 192.168.1.1. அது எங்கே இருக்கிறது? உங்கள் மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கிற ஓஎன்டி. வெளியே ஃபைபர் அறுந்தாலும், கம்பெனியின் எக்ஸ்சேஞ்சே விழுந்தாலும், அந்தப் பெட்டிக்குக் கரண்ட் இருக்கும் வரை “இருக்கிறாயா?” என்ற கேள்விக்கு “இருக்கிறேன்” என்று பதில் வந்துகொண்டேதான் இருக்கும். பச்சை விளக்கும் அப்படித்தான். ரவுட்டருக்கும் ஓஎன்டிக்கும் நடுவில் இருக்கிற இரண்டடி ஒயர் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

அமைத்த அன்று நீங்கள் பிடுங்கியதும் அந்த இரண்டடி ஒயரைத்தான். உங்கள் சோதனையில் போன இடமும் நேற்று போன இடமும் வேறு வேறு.

சரி, தீர்வு. சோதனையை வீட்டு வாசலைத் தாண்டி வெளியே கொண்டுபோக வேண்டும். மைக்ரோடிக்கில் இதை ரிகர்சிவ் ரூட் என்பார்கள். வெளியே எப்போதும் பதில் சொல்லும் ஒரு முகவரியை முதல் லைனோடு கட்டிவிடுங்கள். பிறகு அந்த முகவரியையே கேட்வே போலப் பாவித்து டீஃபால்ட் ரூட் போடுங்கள். மொத்தம் நான்கு ரூட். ரவுட்டரை அமைக்கும் வின்பாக்ஸில் இருக்கிற பெயர்களையே தமிழில் எழுதுகிறேன் (ஸ்கோப், டார்கெட்-ஸ்கோப் என்பவை ஒரு ரூட் எந்த ரூட்டை நம்பி நிற்கலாம் என்று சொல்லும் எண்கள்):

8.8.8.8 என்ற முகவரிக்கு, கேட்வே 192.168.1.1, ஸ்கோப் 10
8.8.4.4 என்ற முகவரிக்கு, கேட்வே 192.168.5.1, ஸ்கோப் 10
0.0.0.0/0, கேட்வே 8.8.8.8, டிஸ்டன்ஸ் 1, டார்கெட்-ஸ்கோப் 11, செக்-கேட்வே பிங்
0.0.0.0/0, கேட்வே 8.8.4.4, டிஸ்டன்ஸ் 2, டார்கெட்-ஸ்கோப் 11, செக்-கேட்வே பிங்

பழைய டீஃபால்ட் ரூட் இரண்டையும் எடுத்துவிடுங்கள். ரவுட்டரின் மென்பொருள் ரவுட்டர்ஓஎஸ் 6 என்றால் டார்கெட்-ஸ்கோப் 10 போதும். 7 என்றால் 11 கட்டாயம். இதைக் கவனிக்காமல் பழைய பக்கங்களிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டுவிட்டு, ரூட் ஏன் ஆக்டிவ் ஆகவில்லை என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்தவன் நான்.

பத்து விநாடிக்கு ஒரு பிங் போகும். இரண்டு முறை பதில் வராவிட்டால் ரூட் கீழே போகும். அதாவது மாற இருபது, முப்பது விநாடி ஆகும். ஒயர் பிடுங்கியபோது கண்ட வேகம் இதில் கிடைக்காது.

ரெட்டைவான் | 21ஆம் தேதி, காலை 10.30

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது டிபி-லிங்க் இஆர்605 ரவுட்டர். இரண்டாவது லைனைச் செருகினால் இரண்டுமே தகராறு செய்கின்றன. ஒன்றை எடுத்தால் இன்னொன்று சரியாகிவிடுகிறது. இன்னொரு தொல்லை: இரண்டும் ஓடுகிற நேரத்தில் வங்கித் தளத்தில் நுழைந்தால் பாதியில் வெளியே தள்ளிவிடுகிறது.

ஈதர்2 | 21ஆம் தேதி, காலை 10.50

@ரெட்டைவான் இரண்டு ஓஎன்டியும் 192.168.1.1 தானே? பந்தயம் கட்டுகிறேன். இரண்டு வாசலுக்கும் ஒரே கதவு எண் என்றால் ரவுட்டர் எந்த வாசலில் போய் நிற்கும்? ஒரு பெட்டியில் நுழைந்து அதன் லேன் முகவரியை 192.168.5.1 என்று மாற்றுங்கள். மாற்ற அனுமதி இல்லையென்றால் லைன்மேனிடம் சொன்னால் செய்து தருவார்.

வங்கித் தள விஷயம் வேறு. இஆர்605-இல் லோடு பேலன்சிங் ஆன் ஆகியிருக்கும். ஒரு கிளிக் ஒரு லைனில், அடுத்த கிளிக் இன்னொரு லைனில் போகிறது. வங்கிக்குப் பார்த்தால் ஒரே ஆள் இரண்டு ஊரிலிருந்து பேசுவது போல இருக்கும். சில தளங்கள் உடனே வெளியே அனுப்பிவிடும். அதை அணைத்துவிட்டு லிங்க் பேக்கப் என்பதைப் போடுங்கள். ஆன்லைன் டிடெக்‌ஷன் பக்கத்தில் மேனுவல் தேர்ந்தெடுத்து வெளி முகவரி ஒன்றைக் கொடுங்கள். மேலே நான் சொன்ன அதே வேலையை அது செய்யும்.

ரெட்டைவான் | 21ஆம் தேதி, காலை 11.40

இரண்டுமே 192.168.1.1! பந்தயத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள். மாற்றிவிட்டேன், இரண்டும் ஓடுகின்றன.

நூல்கணக்கு | 22ஆம் தேதி, இரவு 8.20

நேற்று எல்லோரும் போன பிறகு நான்கு ரூட்டையும் போட்டேன். இந்த முறை ஈத்தர்நெட் ஒயரைத் தொடவில்லை. ஓஎன்டியின் பின்னால் இருக்கிற பச்சைத் தலை வைத்த ஃபைபரையே கழற்றினேன். ஒளி வரவில்லை என்று காட்டும் லாஸ் விளக்கு சிவப்பாகச் சிமிட்டியது. கையில் போனை வைத்து எண்ணினேன்: 24 விநாடியில் ரூட் மாறியது. ரவுட்டரிலிருந்து 1.1.1.1-க்குப் பிங் போகிறது. எழுந்து கைதட்டலாம் என்று பார்த்தால், எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை! ஃபைபரைத் திரும்பச் செருகினால் எல்லாம் வருகிறது.

வீட்டுலேப் | 22ஆம் தேதி, இரவு 8.45

கம்ப்யூட்டர்களில் டிஎன்எஸ் (தளப் பெயருக்கு முகவரி சொல்லும் சர்வர்) என்ன கொடுத்திருக்கிறீர்கள்?

நூல்கணக்கு | 22ஆம் தேதி, இரவு 8.52

8.8.8.8. எல்லாவற்றிலும் கையால் டைப் செய்தது. அது ஒன்றுதான்.

ஈதர்2 | 22ஆம் தேதி, இரவு 9.10

இது என் தப்பு. எல்லோரும் எழுதுகிற உதாரணத்தையே நானும் எழுதிவிட்டேன், உங்கள் டிஎன்எஸ் என்ன என்று கேட்காமல்.

நடந்தது இதுதான். 8.8.8.8-ஐ முதல் லைனோடு கட்டிவிட்டோம். முதல் லைன் செத்தாலும் அந்தக் கட்டு அவிழாது. அவிழ்ந்தால் சோதனைக்கே அர்த்தம் இல்லை. எனவே மற்ற எல்லாம் இரண்டாவது லைனில் போகும்போது 8.8.8.8-க்குப் போகிற பாக்கெட் மட்டும் செத்த லைனிலேயே போய் விழுகிறது. கம்ப்யூட்டர்களோ தளப் பெயருக்கு முகவரி கேட்பது அந்த 8.8.8.8-இடம் மட்டும்தான். முகவரி தெரியாமல் எந்தப் பக்கம் திறக்கும்?

சோதனைக்கு வைக்கிற முகவரியை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. முதல் லைனுக்கு 9.9.9.9, இரண்டாவது லைனுக்கு 208.67.222.222 என்று மாற்றுங்கள். இரண்டும் பொது டிஎன்எஸ் சேவைகள்தான், பிங்கிற்குப் பதில் தரும். கம்ப்யூட்டர்களில் கையால் டைப் செய்ததை எல்லாம் அழித்துவிட்டு ரவுட்டரையே டிஎன்எஸ் ஆக்குங்கள். ரவுட்டர் 1.1.1.1-ஐக் கேட்கட்டும். லைன்காரர் கொடுக்கிற டிஎன்எஸ் முகவரியை மட்டும் அதில் வைக்காதீர்கள். அவற்றில் பல, அந்தக் கம்பெனியின் லைனிலிருந்து கேட்டால்தான் பதில் சொல்லும், மாறியதும் ஊமையாகிவிடும்.

வீட்டுலேப் | 22ஆம் தேதி, இரவு 9.35

ஒரே முகவரியை நம்புவது எனக்குப் பிடிப்பதில்லை. 9.9.9.9 ஒரு நாள் பிங்கிற்குப் பதில் சொல்லாமல் விட்டால், நல்ல லைனை விட்டு ரவுட்டர் ஓடிப்போகும். முதல் லைனோடு இரண்டு முகவரிகளைக் கட்டுங்கள். 9.9.9.9 வழியாக டிஸ்டன்ஸ் 1, 149.112.112.112 வழியாக டிஸ்டன்ஸ் 2, இரண்டாவது லைனுக்கு டிஸ்டன்ஸ் 3. இரண்டு பேருமே மௌனமானால்தான் லைன் மாறும்.

ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் சுலபம். எம்வான்3 என்ற பேக்கேஜில் எத்தனை முகவரி வேண்டுமானாலும் கொடுக்கலாம். எத்தனை முறை தவறினால் லைன் செத்தது, எத்தனை முறை பதில் வந்தால் பிழைத்தது என்று தனித்தனி எண்ணும் உண்டு. என் வீட்டில் சாவுக்கு 3, பிழைப்பதற்கு 10. திரும்பி வருவதில் அவசரம் காட்டினால் என்ன ஆகும் என்பது மழைக்காலத்தில் தெரியும்: லைன் வருகிறது, போகிறது, வருகிறது, போகிறது. ஒவ்வொரு முறையும் பாதியில் ஏறிக்கொண்டிருக்கிற ஃபைல் அறுந்துபோகும். மைக்ரோடிக் செக்-கேட்வே இந்த விஷயத்தில் அவசரக்காரர். ஒரு பிங் பதில் வந்தாலே திரும்பிவிடுவார்.

நூல்கணக்கு | 24ஆம் தேதி, மதியம் 1.15

மாற்றியாகிவிட்டது. ஃபைபரைக் கழற்றினேன், 26 விநாடியில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் பக்கம் திறந்தது. சாரிடம் காட்டினேன். “போன்ல டயல் டோன் வரலையே” என்றார். ஐபி போன் மட்டும் மாறவில்லை. கால் மணி நேரம் காத்திருந்தேன். ஆஃப் செய்து ஆன் செய்தால் வருகிறது.

ஈதர்2 | 24ஆம் தேதி, மதியம் 2.00

எதிர்பார்த்தேன். ரவுட்டர் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு குறிப்பு வைத்திருக்கும்: “இவர் இந்த வெளி முகவரி போட்டுக்கொண்டு போனார்.” அந்த முகவரி முதல் பாக்கெட்டுக்கு முடிவு செய்ததுதான், இணைப்பு உயிரோடு இருக்கும் வரை மாறாது. ரூட் மாறியதும் போனின் பாக்கெட் இரண்டாவது லைனில் வெளியே போகிறது, ஆனால் முதுகில் முதல் லைனின் முகவரி. எங்கும் சேராது.

பிரவுசர் என்றால் கொஞ்ச நேரத்தில் சலித்துப்போய்ப் புது இணைப்பு போட்டுக்கொள்ளும். யுடிபி வகை இணைப்பின் குறிப்பு மூன்று நிமிடம் சும்மா கிடந்தால் ரவுட்டரே அழித்துவிடும். ஆனால் ஐபி போன் சும்மா இருக்காது. “நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன்” என்று சில விநாடிகளுக்கு ஒருமுறை ஏதாவது அனுப்பிக்கொண்டே இருக்கும். அதனால் பழைய குறிப்பு சாகவே சாகாது.

ஒயரைப் பிடுங்கியபோது இந்தத் தொல்லை வந்திருக்காது. போர்ட்டே கீழே போனால், வெளி முகவரியைப் போட்டுவிடும் மாஸ்கரேட் விதி தன் குறிப்புகளைத் தானே துடைத்துவிடும். இங்கே போர்ட் பச்சையாகவே இருக்கிறது அல்லவா?

நெட்வாட்ச் பக்கத்தில் 9.9.9.9-ஐக் கண்காணிக்கச் சொல்லுங்கள். டவுன் ஸ்கிரிப்டில், ரூட் மாறுவதற்கு அரை நிமிடம் காத்திருந்து, ஃபயர்வாலின் கனெக்‌ஷன் பட்டியலை முழுக்க அழிக்கும் ஒரு வரி. எல்லோருக்கும் ஒரு நொடி வெட்டும், பரவாயில்லை, ஏற்கெனவே வெட்டித்தானே இருக்கிறது. அப் ஸ்கிரிப்டிலும் அதையே போடுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வரும்போது போன் மறுபடி தொங்கும். எம்வான்3-இல் இதற்கென்றே ஒரு அமைப்பு இருக்கிறது, ஸ்கிரிப்ட் தேவையில்லை.

பழைய_மோடம் | 24ஆம் தேதி, மாலை 6.40

நான் இருபத்தைந்து வருடம் போஸ்ட் ஏறியவன். ரிகர்சிவ், ஸ்கோப் எல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் தம்பிகள் எல்லோரும் பெட்டிக்குள்ளேயே பார்க்கிறீர்கள். கொஞ்சம் வாசலுக்கு வந்து மேலே பாருங்கள்.

இரண்டு கம்பெனி, இரண்டு பில், இரண்டு பெட்டி. சரி. இரண்டு ஒயரும் உங்கள் சுவரிலிருந்து எந்தப் பக்கம் போகின்றன? நான் பார்த்தவரை பத்துக்கு எட்டு இடத்தில் இரண்டும் ஒரே இபி போஸ்டில் ஒரே கொக்கியில்தான் தொங்கும். ஏரியாவில் கேபிள் இழுக்கிறவர் ஒருவரே, இரண்டு கம்பெனிக்கும் அவரே ஆள். ஒரு டிப்பர் லாரி டிரேவைத் தூக்கிக்கொண்டே போனால் இரண்டும் சேர்ந்து போகும். அன்றைக்கு உங்கள் ரவுட்டர் மிக ஒழுங்காக ஒரு பிணத்திலிருந்து இன்னொரு பிணத்துக்கு மாறும்.

கடலுக்கு அடியிலும் இதே கதைதான். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியா பக்கம் எஸ்இஏ-எம்இ-டபிள்யூஇ 4, ஃபிளாக் என்ற இரண்டு கேபிள்கள் ஒரே நாளில் அறுந்தன. இந்தியாவில் நெட் நொண்டியது. வேறு வேறு கம்பெனியின் கேபிள்கள்தான், ஆனால் போன பாதை ஒரே கடல்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஒரு நடை போங்கள். சுவரிலிருந்து ஒயரைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போனால், எங்கே இரண்டும் சேர்கின்றன என்று தெரிந்துவிடும்.

அப்புறம் ஒன்று. ஃபைபரைக் கழற்றிச் சோதித்ததாகத் தம்பி எழுதியிருக்கிறார். முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்காதீர்கள். உள்ளே வருகிற ஒளி கண்ணுக்குத் தெரியாது, அதனால் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடுவீர்கள். விரலால் முனையைத் தொடவும் வேண்டாம். அழுக்குப் பட்டால் சிக்னல் குறையும்.

மின்வெட்டு | 24ஆம் தேதி, இரவு 7.30

இப்போது என் முறை. @நூல்கணக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று என்ன ஆகிறது? இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் ஓடும். ஓஎன்டி எந்த பிளக்கில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். என் கடையில் இரண்டு வருடமாக அது சாமி படத்து சீரியல் பல்பு பிளக்கில் இருந்தது. பெரும்பாலான ஓஎன்டி 12 வோல்ட்டில் ஓடுவதுதான். அடாப்டரில் எழுதியிருக்கிற வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்து ஒரு மினி யுபிஎஸ் வாங்கினால் போதும்.

பழைய_மோடம் | 24ஆம் தேதி, இரவு 7.55

மின்வெட்டு சொல்வது சரி. கூட ஒன்று விசாரியுங்கள். ஜிபான் (ஒரே ஃபைபரைப் பலருக்குப் பிரித்துத் தரும் முறை) லைன் என்றால் நடுவில் இருக்கிற ஸ்பிளிட்டருக்குக் கரண்டே வேண்டாம். வெறும் கண்ணாடி வேலை. ஆனால் சில சின்ன ஆபரேட்டர்கள் தெருவில் யாரோ ஒருவர் வீட்டு மாடியில் சுவிட்ச் வைத்திருப்பார்கள். அந்த வீட்டில் கரண்ட் போனால் உங்கள் ஆபீஸில் நெட் போகும். அந்த வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது மெயினை அணைத்துவிட்டுப் போன கதையும் எனக்குத் தெரியும்.

நூல்கணக்கு | 26ஆம் தேதி, இரவு 9.15

பழைய_மோடம் ஐயா, நடந்து பார்த்தேன். முதல் இரண்டு போஸ்ட் வரை தனித்தனியாகத்தான் போகின்றன, மனசுக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்றாவது போஸ்டில், டீக்கடைக்கு எதிரே, இரண்டும் ஒரே கருப்பு டப்பாவுக்குள் நுழைகின்றன. டீ மாஸ்டர் சொன்னார்: “அந்த டப்பாவா? மாசம் ஒருக்கா வந்து திறப்பாங்க.”

சாரிடம் சொன்னேன். இரண்டாவது ஃபைபர் பிளான் முடிந்ததும் அதை நிறுத்திவிட்டு 4ஜி சிம் போடுகிற ரவுட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். அந்த ஃபைபர் இருக்கும் வரை சிம்மை மூன்றாவதாக வைக்கலாம் என்று நினைக்கிறேன். இரண்டு சந்தேகம். சிம்முக்கு ஒரு நாள் டேட்டா அளவு உண்டு. டிவிஆர் அதைத் தின்றுவிடாதா? இன்னொன்று, சார் வீட்டிலிருந்து போனில் கேமரா பார்ப்பார். சிம்முக்கு மாறினாலும் தெரியுமா?

வீட்டுலேப் | 26ஆம் தேதி, இரவு 9.50

தின்றுவிடும். ஃபயர்வாலில் ஒரு விதி: டிவிஆர் முகவரியிலிருந்து சிம் போர்ட் வழியாக வெளியே போகிற எதுவும் டிராப். விண்டோஸ் அப்டேட்தான் அதைவிடப் பெரிய தீனிக்காரன். கடைசி நாளில் ஒன்பது கம்ப்யூட்டரும் சேர்ந்து இறக்க ஆரம்பித்தால் மதியத்துக்குள் சிம் காலி.

கேமரா: உங்கள் முதல் லைனில் ஸ்டாடிக் ஐபி (மாறாத வெளி முகவரி) வாங்கி போர்ட் திறந்து வைத்திருந்தீர்கள் என்றால், சிம்முக்கு மாறியதும் வெளியிலிருந்து பார்க்க முடியாது. மொபைல் லைன்களில் பெரும்பாலும் பொது முகவரி உங்களுக்கென்று கிடைக்காது. சிம் ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127-க்குள் ஆரம்பித்தால் நீங்கள் ஒரே பொது முகவரியைப் பகிரும் பெரிய கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் என்று அர்த்தம். வெளியிலிருந்து யாரும் உங்கள் கதவைத் தட்ட முடியாது. உள்ளிருந்து வெளியே போகலாம். எங்காவது ஒரு சின்ன விபிஎஸ் (வாடகை சர்வர்) எடுத்து, ரவுட்டரிலிருந்து அதற்கு வயர்கார்டு என்ற விபிஎன் டனல் போட்டால் எந்த லைனில் இருந்தாலும் சார் கேமரா பார்ப்பார். வயர்கார்டு ஆளை அடையாளம் காண்பது சாவியை வைத்து, முகவரியை வைத்து அல்ல. பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் (இணைப்பு உறங்காமல் தட்டிக்கொண்டிருக்கும் இடைவெளி, விநாடியில்) 25 என்று கொடுத்துவிடுங்கள்.

ஆனால் டேட்டாவை மிச்சம் பிடிக்கச் சிம்மில் டிவிஆரை டனல் வழியாகவும் சேர்த்து அடைத்துவிட்டால் கேமராவும் தெரியாது. இரண்டில் ஒன்றைச் சார்தான் முடிவு செய்ய வேண்டும்.

நூல்கணக்கு | 27ஆம் தேதி, காலை 8.05

கேட்டேன். “20ஆம் தேதி ரிட்டர்ன் போனா போதும், கேமராவை அப்புறம் பார்த்துக்கலாம்” என்றார். டிவிஆர் அடைப்பு. சிம் ரவுட்டர் நாளை வருகிறது. ஈதர்3-இல் செருகி, டிஸ்டன்ஸ் 4 போட்டு, இரண்டு ஃபைபரையும் ஒன்றாகக் கழற்றிப் பார்த்துவிட்டு எத்தனை விநாடி என்று எழுதுகிறேன். ஓஎன்டி பிளக்கையும் பார்த்தேன். வாட்டர் டிஸ்பென்சரோடு ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்தது.

மின்வெட்டு | 27ஆம் தேதி, காலை 8.20

என் கடைச் சாமி படத்துக்கு இது பரவாயில்லை.